குளிர்ந்த துருவத்திலிருந்து வேகமான காற்று எப்படி வருகிறது?

கேள்வி இதுதான்: "சூரியனின் துருவங்களிலிருந்து கிளம்பும் சூரியக் காற்று மற்ற இடங்களிலிருந்து வருவதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமானது என்று படித்தேன். ஆனால் துருவப் பகுதியில் கரோனாவின் வெப்பம் மற்ற இடங்களைவிடக் குறைவு என்றும் அதிலேயே போட்டிருக்கிறது. சூடு குறைந்தால் வேகமும் குறைய வேண்டாமா?"

குறையத்தான் வேண்டும், சூடு மட்டுமே காற்றைத் தள்ளுகிறது என்றால். (சூரியக் காற்று என்பது சூரியனிலிருந்து ஓயாமல் வெளியே ஓடும் மின்னேற்றத் துகள்களின் ஓட்டம்.) இந்த முரண் 1970களிலிருந்தே இந்தத் துறைக்காரர்களைப் படாத பாடு படுத்தியிருக்கிறது, அதனால் உங்களுக்குக் குழப்பம் வந்ததில் ஆச்சரியம் இல்லை. சுருக்கமான பதில் போதும் என்றால்: துருவக் காற்றுக்குச் சூட்டோடு சேர்த்து இன்னொரு உந்துதலும் கிடைக்கிறது, காந்தப்புலக் கோடுகள் வழியே ஏறிவரும் அலைகள். அந்த அலைகள் தங்கள் சரக்கை அடிவாரத்திலேயே கொட்டிவிடாமல் நன்றாக மேலே கொண்டுபோய் இறக்குகின்றன. எவ்வளவு ஆற்றல் என்பதைவிட எந்த உயரத்தில் அது இறங்குகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நீளமான பதில் கீழே. கொஞ்சம் கணக்கும் வரும், பெருக்கல் வகுத்தல் அளவுக்குத்தான்.

முதலில் அந்த "இரண்டு மடங்கு" எப்படித் தெரிந்தது என்று சொல்லிவிடுகிறேன். நாம் அனுப்பும் விண்கலங்கள் பெரும்பாலும் பூமி சுற்றும் தளத்திலேயே சுற்றுகின்றன, அதாவது சூரியனின் இடுப்புக்கு நேராக. தலைக்கு மேலே போய்ப் பார்க்க வேண்டுமானால் அந்தத் தளத்தைவிட்டு எழும்ப வேண்டும். பூமியே நொடிக்கு 30 கி.மீ. வேகத்தில் அந்தத் தளத்தில் ஓடிக்கொண்டிருப்பதால் அதை உதறிவிட்டு மேலே போகும் அளவுக்கு எந்த ராக்கெட்டுக்கும் தெம்பு கிடையாது. அதனால் 1990 அக்டோபரில் கிளம்பிய யுலிசஸ் விண்கலம் முதலில் எதிர்த்திசையில் வியாழனுக்குப் போய், 1992 பிப்ரவரியில் அதன் ஈர்ப்பைப் பிடித்துத் திரும்பி, 1994இல் சூரியனின் தென் துருவத்துக்கு மேலும் 1995இல் வட துருவத்துக்கு மேலும் பறந்தது. 80 டிகிரி அட்சரேகை வரை போயிற்று. அங்கே அது கண்டது நொடிக்கு 750 கி.மீ. வேகத்தில், கிட்டத்தட்ட மாறாமல், ஒரே சீராக வீசும் காற்று. நடுப்பகுதியிலோ 300 முதல் 450 வரை, மந்தமாகவும் கனமாகவும், அடிக்கடி குணம் மாறுவதாகவும் இருந்தது. வரைபடமாகப் போட்டுப் பார்த்தால் இரண்டுக்கும் நடுவே படிப்படியான மாற்றம்கூட இல்லை, சுவர் வைத்ததுபோல் சட்டென்று மாறுகிறது.

இனி கரோனா. (2020க்குப் பிறகு இந்தச் சொல்லை எழுதும்போதெல்லாம் ஒரு விளக்கம் தேவைப்படுகிறது, இது சூரியனைச் சுற்றியிருக்கும் ஒளிமகுடம்.) சூரியப் பரப்பு சுமார் 5,500 டிகிரி, அதற்கு மேலே இருக்கும் கரோனா 10 லட்சம் டிகிரிக்கு மேல். அவ்வளவு சூடான வாயு சும்மா நிற்காது, விரிந்து வெளியே ஓடியே தீரும் என்று 1958இல் யூஜின் பார்க்கர் கணக்குப் போட்டுக் காட்டினார். நின்றபடியே இருக்க வேண்டுமானால் விண்மீன்களுக்கு நடுவே இருக்கும் வெளி அதை எதிர்த்து அழுத்த வேண்டும், அங்கே அந்த அளவுக்கு அழுத்தம் இல்லை, ஆகவே ஓட்டம்தான் ஒரே தீர்வு என்பது அவர் வாதம். கட்டுரையைப் படித்த மதிப்பீட்டாளர்கள் இரண்டு பேருமே வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள். பத்திரிகையின் ஆசிரியர் நம் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர். அவருக்கும் இந்த யோசனை பிடிக்கவில்லையாம், ஆனால் கணிதத்தில் யாராலும் தப்புக் கண்டுபிடிக்க முடியாததால் வெளியிட்டுவிட்டார். அடுத்த வருடமே சோவியத் லூனா கலங்கள் காற்றின் தடயத்தைப் பிடித்தன, 1962இல் வெள்ளிக்குப் போன மரைனர் 2 மாதக்கணக்கில் அளந்து சந்தேகத்தைத் தீர்த்தது. அதே பார்க்கரின் பெயரில் 2018இல் ஒரு கலம் கிளம்பியது, தள்ளாத வயதில் அவர் நேரில் போய்ப் பார்த்தார்.

பார்க்கர் சொன்னது சரி, ஆனால் அது துருவத்துக்குப் போதவில்லை. பார்க்கரின் எளிய சூத்திரத்தில் கரோனா முழுக்க 10 லட்சம் டிகிரி என்று போட்டால் பூமியின் தூரத்தில் காற்று நொடிக்குச் சுமார் 430 கி.மீ. வேகத்தில் வரும். 750 வர வேண்டுமானால் 20 லட்சம் டிகிரிக்கு நன்றாக மேலே போக வேண்டும், அதுவும் சூரியனிலிருந்து பூமி வரை வழிநெடுகச் சூடு குறையவே கூடாது, அது நடக்கிற காரியம் இல்லை. துருவத்தில் அளந்த எலக்ட்ரான் வெப்பநிலையோ 10 லட்சத்தை ஒட்டி, பல அளவீடுகளில் அதற்கும் கீழே.

இதில் இன்னொரு சாட்சியும் உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆக்சிஜன் அணு கரோனாவில் எத்தனை எலக்ட்ரான்களை இழக்கும் என்பது அங்கே இருக்கும் சூட்டைப் பொறுத்தது. கொஞ்சம் மேலே போனதும் அடர்த்தி குறைந்துவிடுவதால் இழந்ததைத் திரும்பப் பிடிக்க வாய்ப்பே இல்லை, கிளம்பிய இடத்தின் சூடு அந்த அயனிமேல் முத்திரை குத்தியதுபோல் நின்றுவிடுகிறது. யுலிசஸ் அந்த முத்திரையைப் படித்தது. வேகமான காற்றில் முத்திரை குளிர்ந்த இடத்தைக் காட்டியது, மெதுவான காற்றில் சூடான இடத்தை. வேகம் ஏற ஏற முத்திரைச் சூடு இறங்குகிறது, இது இறங்க இறங்க அது ஏறுகிறது. உங்கள் கேள்வியை இதைவிடக் கூர்மையாக யாராலும் கேட்க முடியாது.

துருவத்தில் அப்படி என்ன விசேஷம்? அங்கே காந்தப்புலக் கோடுகள் திறந்திருக்கின்றன. சூரியனின் நடுப்பகுதியில் கோடுகள் பெரும்பாலும் ஒரு இடத்தில் கிளம்பி வளைந்து இன்னொரு இடத்தில் இறங்கிவிடும், வாயு அந்த வளையத்துக்குள் மாட்டிக்கொண்டு கொதிக்கும், அதனால் அங்கே பிரகாசம் அதிகம். துருவத்தில் கோடுகள் போனவை போனவைதான், திரும்புவதில்லை. வாயு மாட்டாமல் வெளியேறிவிடுவதால் அடர்த்தி குறைவு, எக்ஸ்-கதிர்ப் படத்தில் அந்த இடம் கருப்பாகத் தெரியும். அதைத்தான் கரோனா துளை என்கிறார்கள். 1973-74இல் ஸ்கைலாப் நிலையத்திலிருந்து எடுத்த படங்களில் இந்தத் துளைகள் பளிச்சென்று தெரிந்தன, அதே காலத்தில்தான் வேகமான காற்றின் ஊற்று இவைதான் என்பதும் உறுதியாயிற்று.

சூரியப் புள்ளிகள் குறைந்த வருடத்தில் முழுச் சூரிய கிரகணம் வந்தால் துருவத்தைக் கவனித்துப் பாருங்கள். மயில்தோகையைப் பாதி விரித்ததுபோல் மெல்லிய கீற்றுகள் நேராக மேலே போகும், அவை இந்தத் திறந்த கோடுகளை ஒட்டிய அடர்த்தியான இழைகள். 2019 டிசம்பர் 26 அன்று திண்டுக்கல், கோயம்புத்தூர்ப் பக்கம் தெரிந்தது வளைய கிரகணம், அதில் கரோனா தெரியாது. ஓரத்தில் மிஞ்சிய ஒரு துளி வெளிச்சமே அதை மூழ்கடித்துவிடும். அன்றைக்குக் கரோனாவைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

துளை மேலே போகப் போக நேர்க்கோட்டில் விரியாமல் புனல்போல் அகலமாகிறது. சூரியனைச் சுற்றிய கோளத்தில் இயல்பாக விரிய வேண்டிய அளவைவிடச் சுமார் 7 மடங்கு அதிகம் விரிகிறது என்று ஸ்கைலாப் கால அளவீட்டிலேயே கணக்கிட்டார்கள். இந்த 7ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், உடனே தேவைப்படும்.

இப்போது ஆற்றல் பில்லைப் போட்டுப் பார்க்கலாம். பூமியின் தூரத்துக்கு மாற்றிச் சொன்னால் துருவக் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்கு மூன்று புரோட்டான்கூடக் கிடையாது, கூடவே கொஞ்சம் ஹீலியம். 750 கி.மீ. வேகத்தில் அது ஒரு சதுர மீட்டர் வழியே நொடிக்கு 4 பிகோகிராம் (ஒரு கிராமை லட்சம் கோடியாகப் பிரித்தால் அதில் நான்கு பங்கு) அளவுக்கு எடுத்துச்செல்கிறது. அந்த 4 பிகோகிராமுக்கு இரண்டு செலவு. ஒன்று, சூரியனின் ஈர்ப்பிலிருந்து மேலே தூக்குவது. தப்பிக்கும் வேகம் 618 கி.மீ. இன்னொன்று, தூக்கிய பிறகும் 750இல் ஓடவிடுவது. வேகங்களின் வர்க்கத்தை எடுத்து ஒப்பிட்டால் மொத்தச் செலவில் ஏறக்குறைய 40 சதவீதம் வெறும் தூக்குக்கூலி. கூட்டினால் சதுர மீட்டருக்கு ஒரு வாட்டில் ஆயிரத்தில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் கீழே வருகிறது. இதைச் சூரியப் பரப்புக்குக் கொண்டுபோக 215இன் வர்க்கத்தால், அதாவது 46,000ஆல் பெருக்க வேண்டும், ஏனென்றால் பூமி 215 சூரிய ஆரங்கள் தள்ளி இருக்கிறது. 80 வாட் வரும். துளை 7 மடங்கு கூடுதலாக விரிந்திருப்பதால் அடியில் அது 7 மடங்கு நெருக்கமாக இருந்திருக்கும், அப்படியானால் 500, 550 வாட்.

சதுர மீட்டருக்கு 500 வாட், நம் சமையலறை மிக்ஸி ஒன்று ஓடுகிற அளவு. அதே சதுர மீட்டரிலிருந்து வெளிச்சமாக வெளியேறுவது 6 கோடி வாட்டுக்கும் மேல். லட்சத்தில் ஒரு பங்கை மட்டும் காற்றுக்கு ஒதுக்கினால் போதும். ஆகவே ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பது பெரிய புதிர் இல்லை, சூரியப் பரப்பு கொதிக்கும் கஞ்சிபோல் எந்நேரமும் புரண்டுகொண்டே இருக்கிறது. அந்த மிக்ஸி அளவு ஆற்றலை எப்படி மேலே ஏற்றுவது, எங்கே இறக்குவது என்பதில்தான் சிக்கல்.

சூரியக் காற்றின் பாதையில் ஒரு எல்லை உண்டு, ஓட்டத்தின் வேகம் அந்த வாயுவின் ஒலிவேகத்தைத் தாண்டுகிற இடம். அதற்குக் கீழே இருக்கும் வாயு கிட்டத்தட்ட நின்றுகொண்டிருக்கும் வளிமண்டலம்போல் நடந்துகொள்ளும். அங்கே ஆற்றலைக் கொட்டினால் என்ன ஆகும்? வளிமண்டலம் ஊதிப் பெருத்து மேலே எழும், எல்லையைத் தாண்டிப் போகும் சரக்கின் அளவு கூடும். கொடுத்த ஆற்றல் இத்தனை கூடுதல் பேருக்குப் பங்கு பிரிந்துவிடுவதால் தலைக்குக் கிடைப்பது அப்படியொன்றும் உயராது. எல்லைக்கு மேலே கொட்டினாலோ, எத்தனை பேர் போக வேண்டும் என்பது ஏற்கெனவே முடிவாகிவிட்டது, கீழே இருப்பவர்களுக்கு மேலே நடப்பது தெரியக்கூடத் தெரியாது (ஒலியைவிட வேகமாக ஓடுகிற ஓட்டத்தில் செய்தி பின்னோக்கிப் போகாது), எனவே ஆற்றல் முழுக்க வேகமாக மாறும். பேருந்து நிலையத்தில் நிற்கும்போது டீசல் ஊற்றிக் கூவிக் கூவி அழைத்தால் கூட்டம்தான் ஏறும், வண்டி நெரிந்து மெதுவாகப் போகும். பைபாஸில் ஏறிய பிறகு ஆக்சிலேட்டரை மிதித்தால் புதிதாக ஏற ஆள் கிடையாது, வேகம்தான் கூடும். இதை 1980இல் லியர், ஹோல்சர் என்ற இருவர் தெளிவாக எழுதிவைத்தார்கள், சூரியக் காற்றைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

துருவத் துளையின் நடுவில் கோடுகள் ஓரத்தோடு ஒப்பிட்டால் நிதானமாக விரிகின்றன, அலைகள் மெதுவாகத்தான் தேய்கின்றன, ஆற்றல் உயரமாகப் பரவி இறங்குகிறது. காற்று வேகமாகவும் லேசாகவும் இருக்கிறது. துளையின் ஓரத்தில் கோடுகள் சட்டென்று அகலமாகின்றன, ஆற்றல் அடியிலேயே கரைந்துவிடுகிறது, காற்று கனமாகவும் மந்தமாகவும் வருகிறது. புனல் எவ்வளவு அகலமோ அவ்வளவு வேகம் குறைவு என்ற இந்தத் தொடர்பை வாங், ஷீலி இருவரும் 1990இல் பல வருட அளவீடுகளைக் கொண்டு காட்டினார்கள். பூமிக்கு நாளை மறுநாள் என்ன வேகத்தில் காற்று வரும் என்று கணிக்கிறவர்கள் இன்றும் இதன் வாரிசு சூத்திரங்களைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

சரி, அந்த அலைகள் என்ன? கிணற்றுக் கயிற்றின் மேல்முனையைப் பிடித்து ஒரு உதறு உதறினால் வளைவு கயிறு வழியே ஓடும் இல்லையா, காந்தப்புலக் கோடும் அப்படித்தான், அதில் கோர்த்துக்கொண்டிருக்கும் பிளாஸ்மா (மின்னேற்றத் துகள்களாகப் பிரிந்த வாயு) கயிற்றின் எடை, காந்த இழுவிசை கயிற்றின் விறைப்பு. 1942இல் ஹானஸ் ஆல்வென் இதைச் சொன்னார், 1970இல் நோபல் வாங்கினார், அலைக்கும் அவர் பெயரே நின்றுவிட்டது. கோட்டின் அடிமுனையைப் பரப்பிலிருக்கும் கொதிப்பு உதறிக்கொண்டே இருக்கிறது.

துருவத்துக்கு மேலே இந்த ஆட்டத்தை அளந்திருக்கிறார்கள். சூரியனைக் கவனிக்கும் சோஹோ விண்கலத்தில் இருந்த சுமர் என்ற நிறமாலைக் கருவியில் நிறமாலைக் கோடுகள் சூட்டினால் மட்டும் விளக்க முடியாத அளவுக்கு அகலமாக இருந்தன. அதற்குக் காரணம் அலையாட்டம் என்று கொண்டால், 20,000 கி.மீ. உயரத்தில் ஆட்டத்தின் வேகம் நொடிக்குச் சுமார் 27 கி.மீ., 1,80,000 கி.மீ. உயரத்தில் சுமார் 46. மேலே போகப் போக ஆட்டம் கூடுகிறது, சாட்டையின் நுனி மெல்லிசாக ஆக ஆக விசிறல் கூடுவதுபோல். அலை வழியில் எதையும் இழக்காமல் போனால், அடர்த்தி 8இல் ஒரு பங்காகும்போது ஆட்டம் 1.7 மடங்காக வேண்டும். 27ஐ 1.7ஆல் பெருக்கிப் பாருங்கள், 46 வரும். அந்த உயரம் வரை அலைகள் சரக்கை இறக்காமலே ஏறுகின்றன என்பதற்கு இதைவிட எளிய சான்று எனக்குத் தெரியவில்லை.

அவை சுமக்கும் ஆற்றலையும் கணக்கிடலாம். கன சென்டிமீட்டருக்கு 10 கோடி துகள், பூமியின் காந்தப்புலத்தைப்போல் இருபது மடங்குக்குச் சற்று மேற்பட்ட புலம், அதாவது 10 காஸ், நொடிக்கு 30 கி.மீ. ஆட்டம். இந்த நிலையில் ஆல்வென் அலை நொடிக்கு 2,000 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் ஓடும், சதுர மீட்டருக்கு 300, 350 வாட் சுமக்கும். நம் மிக்ஸி பில்லுக்குப் பக்கத்தில் வந்துவிட்டோம். நான் எடுத்துக்கொண்ட எண்களைக் கொஞ்சம் அப்படி இப்படி மாற்றினால் முழுத் தொகையும் கிடைத்துவிடும், இதை வைத்து விவகாரம் முடிந்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அலைகளால் முடியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

அலை இரண்டு விதமாகக் காற்றுக்கு உதவுகிறது. ஒன்று நேரடித் தள்ளல், கீழே அலை அழுத்தம் அதிகம், மேலே குறைவு, அந்த வித்தியாசமே வாயுவை மேலே நெட்டுகிறது. இன்னொன்று சூடாக்குவது. மேலேறும் அலையில் ஒரு பகுதி அடர்த்தி மாறும் இடங்களில் எதிரொலித்துக் கீழே திரும்புகிறது, ஏறுவதும் இறங்குவதும் மோதிக்கொண்டு சின்னச் சின்னச் சுழல்களாக உடைகின்றன, ஆற்றில் பாலத்தூணுக்குப் பின்னால் பெரிய சுழல் சிறுசிறு சுழலாகச் சிதறுமே அதுபோல். ரொம்பச் சின்னதானதும் அயனிகள் அதை விழுங்கிச் சூடாகின்றன.

இந்த விழுங்கலின் தடயத்தைச் சோஹோவின் இன்னொரு கருவி, புற ஊதாக் கரோனாமானி, 1996 முதல் பிடித்துக் காட்டியது. அது என்ன செய்தது என்று கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஐந்து எலக்ட்ரானை இழந்த ஆக்சிஜன் 1032, 1037.6 ஆங்ஸ்ட்ராம் என்ற இரண்டு அலைநீளங்களில் ஒளிரும். அந்த ஒளியில் பெரும்பங்கு கீழே சூரியனிலிருந்து வரும் அதே நிற வெளிச்சத்தை வாங்கித் திரும்ப வீசுவதால் வருவது. அயனி வேகமாக மேலே ஓடிக்கொண்டிருந்தால் பின்னாலிருந்து வரும் வெளிச்சம் அதற்குச் சிவப்புப் பக்கம் நகர்ந்து தெரியும், பொருந்தாது, ஒளி மங்கும். ரேடியோவில் ஸ்டேஷன் விலகுவதுபோல். இன்னும் வேகம் கூடி நொடிக்குச் சுமார் 170 கி.மீ. ஆனதும் ஒரு வேடிக்கை நடக்கிறது. பக்கத்தில் 1037.0இல் இருக்கும் கார்பனின் வெளிச்சம் நகர்ந்து வந்து ஆக்சிஜனின் 1037.6மேல் சரியாக உட்காருகிறது, பக்கத்து ஸ்டேஷன் நம் ஸ்டேஷனில் கேட்பதுபோல். ஒரு கோடு மங்க மற்றது பிரகாசமாகிறது. இரண்டின் விகிதத்தை உயரம் உயரமாக அளந்தால் எந்த உயரத்தில் எவ்வளவு வேகம் என்று படித்துவிடலாம். எந்தக் கலமும் போகாத இடத்தில் ஸ்பீடாமீட்டர் வைத்த மாதிரி.

படித்ததில் வந்த செய்தி: இரண்டு மூன்று சூரிய ஆரத்திலேயே காற்று ஒலிவேகத்தைத் தாண்டி நூற்றுக்கணக்கான கி.மீ. வேகத்தை எட்டிவிடுகிறது. 10 லட்சம் டிகிரி வெறும் சூட்டுக் கணக்கில் அந்த எல்லை 7 ஆரத்துக்குப் பக்கத்தில்தான் வர வேண்டும். கூடவே இன்னொன்று, எல்லோரும் வாயைப் பிளந்தது. ஆக்சிஜன் அயனியின் வெப்பநிலை 10 கோடி டிகிரிக்கு மேல். சூரியனின் மையமே ஒன்றரைக் கோடிதான்! எலக்ட்ரான் 10 லட்சத்தை ஒட்டி, புரோட்டான் ஒரு 30 லட்சம், ஆக்சிஜன் 10 கோடி, மூன்றும் ஒரே இடத்தில். துகள்கள் ஒன்றையொன்று மோதிக்கொள்ள முடியாத அளவுக்கு அடர்த்தி குறைந்துவிட்டதால் யார் சூடு அவரவர்க்கு. ஆக்சிஜன் புரோட்டானைப்போல் 16 மடங்கு கனம், எல்லாம் ஒரே வேகத்தில் ஆடினால் வெப்பநிலையும் 16 மடங்கு, 5 கோடிக்குள் நிற்க வேண்டும். அதற்கும் மேலே போகிறது என்றால் யாரோ அதற்குத் தனியாகப் பரிமாறுகிறார்கள்.

அயனிகள் காந்தக் கோட்டைச் சுற்றிச் சுழலும், கனமான அயனி மெதுவாகச் சுழலும். அலை உடைந்து உடைந்து அதிர்வெண் கூடிக்கொண்டே வரும்போது முதலில் பொருந்துவது மெதுவாகச் சுழல்கிற கனத்த அயனிக்குத்தான், பந்தியில் முதல் இலை அதற்கு. அதுவும் கோட்டுக்குக் குறுக்கான திசையில்தான் சூடு ஏறுகிறது, கோட்டின் நெடுக்கே அவ்வளவு இல்லை. அலை உண்மையில் அவ்வளவு அதிர்வெண்ணுக்கு உடைகிறதா, அல்லது சின்னச் சுழல்கள் அயனியின் வட்டப்பாதையையே கலைத்துச் சூடாக்குகின்றனவா என்று இன்றும் சண்டை உண்டு. குறுக்குச் சூடு என்பதில் இரண்டு கட்சிக்கும் சம்மதம்.

குறுக்குச் சூட்டால் காற்றுக்கு என்ன லாபம்? நிறைய. மேலே போகப் போக விரியும் காந்தப்புலத்தில் குறுக்கே சுழலும் துகளை அந்தப் புலமே வெளிப்பக்கமாகத் தள்ளும். பலாக்கொட்டையை ஈரக் கையில் இரு விரலுக்கு நடுவே அழுத்தினால் வழுக்கிக்கொண்டு பாயுமே, அந்த மாதிரி. குறுக்கே கொடுத்த ஆற்றல் நெடுக்கான ஓட்டமாகிவிடுகிறது. ஆக்சிஜன் அயனிகள் புரோட்டான்களைவிட வேகமாகவே ஓடுவதை அந்தக் கருவி பார்த்தது, கனமானது முந்துகிறது.

எவ்வளவு தூரத்துக்குள் காற்று முழு வேகத்தை எட்டுகிறது என்பதற்கு ரேடியோக்காரர்களும் பதில் சொன்னார்கள். நட்சத்திரம் மினுங்குவதுபோல் தொலைதூரக் குவாசர்களின் (மிகப் பிரகாசமான விண்மண்டல மையங்களின்) ரேடியோ அலைகளும் சூரியக் காற்றின் வழியே வரும்போது மினுங்கும், அந்த மினுக்கிலிருந்து காற்றின் வேகத்தைக் கறந்துவிடலாம். 1970களிலேயே இந்த முறையில் உயர்ந்த அட்சரேகைகளில் காற்று வேகம் கூடுவதைக் கண்டார்கள், யுலிசஸுக்கு ரொம்ப முன்னால். ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் ரேடியோ தொலைநோக்கி பல வருடங்களாகச் செய்துவரும் வேலைகளில் இதுவும் ஒன்று. அந்தச் சரிவு 11 டிகிரி, அந்த இடத்தின் அட்சரேகையும் 11 டிகிரி, அதனால் ஒரே அச்சில் சுழற்றி வானத்தைத் தொடரலாம் என்று கோவிந்த் சுவரூப் தேடிப் பிடித்த இடம். 1996இல் அமெரிக்க ரேடியோ அளவீடுகள் துருவக் காற்று 10 சூரிய ஆரத்துக்குள்ளேயே தன் முடுக்கத்தைப் பெரும்பாலும் முடித்துவிடுகிறது என்று காட்டின. பூமி 215 ஆரம் தள்ளி என்றேனே, அந்தப் பயணத்தின் முதல் இருபதில் ஒரு பங்குக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

அலைகளுக்கு எதிர்க்கட்சியும் உண்டு, அதையும் சொல்லாவிட்டால் நியாயமில்லை. பரப்பில் சின்னச் சின்னக் காந்த வளையங்கள் முளைத்துக்கொண்டே இருக்கின்றன, அவை பக்கத்துத் திறந்த கோட்டில் உரசி அறுந்து ஒட்டும்போது பிளாஸ்மா பீறிடுகிறது. 2022 மார்ச்சில் சோலார் ஆர்பிட்டர் விண்கலம் தென் துருவத்துக்கு அருகிலிருக்கும் துளையைப் படம் பிடித்தபோது சில நூறு கி.மீ. அகலமே உள்ள, இரண்டு நிமிடத்துக்குள் அடங்கிவிடும், நொடிக்குச் சுமார் 100 கி.மீ. வேகமுள்ள குட்டிப் பீறல்கள் எங்கும் தெரிந்தன. இந்திய விஞ்ஞானி லட்சுமி பிரதீப் சிட்டாவின் குழு 2023இல் இதை வெளியிட்டது. பார்க்கர் கலம் பார்த்த காந்தப்புலத்தின் திடீர்த் திருப்பங்களையும் சிலர் இதோடு முடிச்சுப் போடுகிறார்கள்.

இன்னொரு பக்கம், 2022 பிப்ரவரியில் ஒரே காற்றோட்டத்தை முதலில் பார்க்கர் கலம் சுமார் 13 ஆரத்திலும், ஏறக்குறைய 40 மணி நேரம் கழித்துச் சோலார் ஆர்பிட்டர் சுமார் 130 ஆரத்திலும் அளந்தன. நடுவில் காற்றின் வேகம் நூறு கி.மீ.க்கும் மேல் கூடியிருந்தது, அலைகளின் ஆற்றல் காணாமல் போயிருந்தது, இரண்டும் கணக்கில் பொருந்தின. இது துருவத்துக்கு நேர் மேலே அளந்தது இல்லை, ஆனால் அதே வகைக் கரோனா துளைக் காற்றுதான்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், இரண்டு கட்சியும் ஒரே பேருந்தைப் பற்றித்தான் பேசுகின்றன. நிலையத்தில் ஆள் ஏற்றும் வேலையில் பீறல்களுக்குப் பெரிய பங்கு இருக்கலாம், அவை அடியில்தான் நடக்கின்றன. பைபாஸில் ஆக்சிலேட்டரை மிதிப்பது அலைகள். பீறல்களே அலைகளையும் கிளப்பிவிடலாம் என்பதால் கோடு போட்டுப் பிரிப்பதும் கஷ்டம்.

கடைசியாக, "இந்தத் துருவக் காற்று நம்மை அடையுமா" என்று அடுத்த கேள்வி வரும் என்று தெரியும். சூரியன் அமைதியாக இருக்கும் வருடங்களில் பெரும்பாலும் தலைக்கு மேலேயும் காலுக்குக் கீழேயும் போய்விடும், பூமி சூரியனின் நடுக்கோட்டைவிட்டு ஏழேகால் டிகிரிக்கு மேல் விலகுவதே இல்லை. சூரியப் புள்ளிகள் உச்சத்தில் இருக்கும்போது துருவத் துளைகளே மூடிக்கொள்ளும். யுலிசஸ் 2000, 2001இல் இரண்டாம் சுற்றில் போனபோது அந்தச் சுவர் வைத்த ஒழுங்கெல்லாம் கலைந்து, எங்கும் வேகமும் மந்தமும் கலந்து கிடந்தது. உச்சம் தாண்டி இறங்குகிற வருடங்களில்தான் துருவத் துளையிலிருந்து ஒரு நாக்கு நடுக்கோடு வரை நீண்டு வரும். அந்த நாக்கு பூமியைப் பார்க்கும்போதெல்லாம் வேகக் காற்று வந்து மோதும், சூரியன் ஒரு சுற்றுச் சுற்றி அதே நாக்கைத் திரும்பக் காட்ட 27 நாள் ஆகும், அதனால் நார்வேயில் துருவ ஒளி தேடிப் போகிறவர்கள் ஒரு நல்ல இரவைப் பார்த்துவிட்டால் காலண்டரில் 27 நாள் தள்ளி ஒரு வட்டம் போட்டுவைப்பார்கள்.